பனிக்குப் போன பதினான்காவது டோக்கன்

மணாலிக்குப் போவது என்று முடிவான ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என் வயிறு சரியில்லை. நான்கு குடும்பங்கள் சேர்ந்து பனிமலையில் சறுக்கி விளையாடப் போகிறோம் என்று குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கக் குதூகலமாக இருந்தது. நான் மட்டும் மூன்று வேளையும் மோர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நான் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பவன், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுப்பவன். ஊரில் யாருக்காவது கவலைப்பட ஆள் தேவைப்பட்டால் இவரைக் கூப்பிடலாம், கூலிகூட வேண்டாம் என்று என் மனைவி சொல்வாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கோலார் தங்கவயலில், கனரக இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில், டிராயிங் ஆபீசில் எனக்கு வேலை. நான்கு வருடத்துக்கு ஒரு முறை இந்தியாவின் எந்த மூலைக்கும் குடும்பத்தோடு போய்வர ரயில் கட்டணம் தருவார்கள். எல்.டி.சி. என்று அதற்குப் பெயர். எங்கள் ஆட்கள் அதில் காசிக்குப் போவார்கள், கன்னியாகுமரிக்குப் போவார்கள், சாமி கும்பிட்டுவிட்டுப் பித்தளைச் சொம்பு வாங்கி வருவார்கள். நாங்களும் அந்த வருடம் அப்படித்தான் போயிருக்க வேண்டும். வெல்டிங் பிரிவிலிருந்த என் நண்பன்தான் கெடுத்தான்.

அவன் வீட்டுச் சுவரில் ஒரு காலண்டர். பனிமூடிய மலை, கீழே மரவீடுகள் உள்ள சின்ன ஊர், மேலிருந்து கால்களில் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் சறுக்கி வருகிறார்கள். ஒரு நாள் என்னை அதன் முன்னால் நிறுத்தினான்.

"மச்சான், இந்தத் தடவ இங்க போலாமா?"

"அது சுவிட்சர்லாந்துடா."

"எல்.டி.சி.ல வராதா?"

வராது என்பதை அவனுக்குப் புரியவைக்க ஒரு வாரம் ஆனது. ஆனால் அதற்குள் கேன்டீனில் யாரோ, இமயமலையிலும் இதே மாதிரிச் சறுக்கலாம், மணாலிக்கு மேலே ஒரு சரிவில் பலகை, பூட்ஸ் எல்லாம் வாடகைக்குக் கொடுத்துச் சொல்லியும் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டார்கள். தை, மாசியில் போனால் அங்கே சீசன் இல்லை, அறை பாதி வாடகைக்குக் கிடைக்கும் என்றும் கேள்விப்பட்டோம். ரயிலுக்குத் தொழிற்சாலை, அறைக்குப் பாதி வாடகை, சமையலுக்கு எங்கள் ஸ்டவ். அதற்குமேல் அவனை நிறுத்த முடியவில்லை. வடக்கே ஆறு மாதம் டிரெயினிங் போய்வந்தவன் என்பதால் தலைவன் பொறுப்பு என்மேல் விழுந்தது. என் இந்தி தக்காளி வாங்குவதற்குக் காணும், அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில்தான் கூட்டம். யார் ஸ்டவ் கொண்டுவருவது, யார் அரிசியும் ஊறுகாயும், ஆண்டர்சன்பேட்டையில் எந்தக் கடையில் பழைய ஸ்வெட்டர் மலிவு என்று பேச்சு ஓடியது. சுரங்கத்துக்காரர்கள் வீடுகளில் ரப்பர் கம்பூட்டு கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றான் நண்பன். மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த எடம் எத்தினி அடி?"

"சறுக்கற எடம் எட்டாயிரத்துக்கு மேல, நைனா" என்றேன்.

"அவ்ளோதானா? நான் பத்தாயிரம் அடி கீழ போய்ட்டு வந்தவன்டா. இது அதவிடக் கம்மி. நானும் வர்றேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். அப்பாவோடு சேர்த்துப் பதினான்கு பேர் ஆனோம். எங்கள் ஊரில் அது சரியான கணக்கு. ஆழமோ உயரமோ, எல்லாவற்றையும் சாஃப்ட் என்ற சுரங்கக் குழியின் அடிக்கணக்கில்தான் அளப்போம். பத்தாயிரம் அடி பூமிக்குள் போய்ப் பாறை வெடித்தவனுக்கு எட்டாயிரம் அடி மலை ஒரு பொருட்டா? அந்த அறையிலேயே டிப்ளமோ படித்தவன் நான் ஒருவன்தான். கீழே போகப் போகக் காற்று கனக்கும், மேலே போகப் போக மெலியும் என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லாமல் மூடிக்கொண்டேன்.

காரணம் இருந்தது. அப்பா சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதல் பதினைந்து வருடங்கள் கீழே, பாறையில் துளை போடும் மெஷினோடு. பிறகு எக்ஸ்ரேயில் நெஞ்சு முழுக்கத் தூசி என்று தெரிந்து, மேலே டோக்கன் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நெஞ்சு என்ற சொல்லை யாரும் உச்சரிப்பதில்லை. அப்பா இருமினால் "மொளகா நெடி" என்பார். அடுப்பே பற்றவைக்காத நேரத்திலும் நாங்களும் மொளகா நெடி என்போம்.

டோக்கன் ஜன்னல் என்பது இதுதான். கேஜ் என்ற கூண்டு லிஃப்டில் சுரங்கத்துக்குள் இறங்கப் போகும் ஒவ்வொருவரும் தன் எண் அடித்த பித்தளை டோக்கனை ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அப்பா அதைப் பலகையில் அவரவர் ஆணியில் மாட்டுவார். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தவன் தன் டோக்கனைத் திரும்ப வாங்கிக்கொள்வான். ஆணியில் ஒன்று மிச்சமிருந்தால் ஒருவன் இன்னும் கீழே இருக்கிறான் என்று பொருள். பலகை காலியாகும்வரை அப்பா காக்கிச் சட்டையைக் கழற்ற மாட்டார். ஒரு முறை ஒருவன் டோக்கனை மறந்துவிட்டு நேராகச் சாராயக் கடைக்குப் போய்விட்டான். கீழே தேடுவதற்கு ஆள் இறங்கி, ஊரே கூடி, கடைசியில் அவனைக் கடையிலிருந்து தூக்கிவந்து கையில் டோக்கனைக் கொடுத்த பிறகுதான் அப்பா வீட்டுக்கு வந்தார். வேலைக்கு வராத தம்பிக்காக அண்ணன் இரண்டு டோக்கன் நீட்டும் தில்லுமுல்லும் மற்ற ஜன்னல்களில் நடக்கும். அப்பாவிடம் நடக்காது. "ஆளக் காட்டு, அப்புறம் மாட்றேன்" என்பார். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், நான் செய்யத் துணிந்த காரியம் எவ்வளவு முட்டாள்தனமானது என்று தெரிய வேண்டும் என்பதுதான்.

யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். வயதானவர், பொறுமையாகக் கேட்டார். பனியை நானும் பார்த்ததில்லை என்று முதலில் ஒப்புக்கொண்டார். "ஏதாவது ஒரு மேட்டுல ஏறவிட்டுப் பாருங்க. நிக்காம, பேசிக்கினே ஏறினாருன்னா கூட்டிட்டுப் போங்க. நின்னு நின்னு ஏறினாருன்னா வேணாம். அந்தக் குளிருல மூச்சு முட்டிச்சுன்னா அங்க யாரு இருக்கா?" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் அடுத்த ஒரு மாதம் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன். ரயிலில் மூச்சு முட்டினால்? பஸ்ஸில் முட்டினால்? பதினான்கு பேரை வைத்துக்கொண்டு, தக்காளி இந்தியில் ஆஸ்பத்திரி எங்கே என்று எப்படிக் கேட்பது?

எங்கள் ஊரில் மேடு என்றால் சயனைடு மேடுதான். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சிய பாறைப் பொடியைக் கொட்டிக் கொட்டி வளர்ந்த சாம்பல் நிற மலை. புல் முளைக்காது. நண்பன் ஏற்கெனவே அதன்மேல் கண் வைத்திருந்தான். பழைய பேக்கிங் கேஸ் பலகைகளை வாங்கி, முனையை வெந்நீர் ஆவியில் வளைத்து, ரப்பர் பட்டை அடித்து நாலு ஜோடி சறுக்குப் பலகை செய்துவைத்திருந்தான். அங்கே போய் விழுந்து எழுவதைவிட இங்கேயே பழகிவிட்டால் வாடகைப் பலகை ஒரு நாளோடு போதும் என்பது அவன் சிக்கனத் திட்டம். அடுத்த ஞாயிறு காலை எல்லோரும் மேட்டுக்குப் போனோம். அப்பாவையும் அழைத்தேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

நண்பன் முதலில் சறுக்கினான். பத்தடி வந்ததும் பலகை ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் பிரிந்து, வாய் நிறையச் சாம்பலோடு எழுந்து, "பனியா இருந்தா நின்னிருப்பேன்" என்றான். பெண்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அப்பாவின் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன்.

வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மெதுவாக, கால் பார்த்து ஏறினார். கொஞ்ச தூரத்தில் நின்று சாஃப்ட் மேலிருக்கும் பெரிய சக்கரத்தைக் காட்டினார். "சுத்துதா நிக்குதா பாரு" என்றார். சுற்றுகிறது என்றேன். இன்னும் கொஞ்ச தூரத்தில் நின்று என் சின்ன மகளின் செருப்பு வாரைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை நின்று மாரிகுப்பம் பக்கம் கையை நீட்டினார், ஆனால் எதைக் காட்டுகிறார் என்று சொல்லவில்லை. நான்காவது தடவை காரணமே இல்லை. சும்மா நின்றார். முதுகு ஏறி இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன்.

உச்சிக்குப் போய்விட்டார். துண்டை அவிழ்த்தபோது உதடு கருத்திருந்தது. கீழேயிருந்து நண்பன், "மாமா பாஸ்!" என்று கத்தினான். அப்பா கையை ஆட்டினார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. வேண்டாம் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த வார்த்தையைத்தான் நாங்கள் வீட்டில் சொல்வதில்லையே.

அதன்பிறகு அப்பா மும்முரமாகிவிட்டார். ஆண்டர்சன்பேட்டைப் பழைய இரும்புக் கடையிலிருந்து பித்தளைத் தகடு வாங்கிவந்து வட்டமாக வெட்டினார். பதினான்கு டோக்கன். ஒரு சின்னப் பலகையில் பதினான்கு ஆணி. சறுக்கப் போகும் முன் எல்லோரும் அவரிடம் டோக்கன் கொடுக்க வேண்டும், இறங்கி வந்ததும் வாங்க வேண்டும், ஆணி காலியாகாமல் யாரும் அறைக்குத் திரும்பக் கூடாது. "இத்தினி பேர மலையில வுட்டுட்டு எண்ணாம இருக்க முடியுமா?" என்றார். நண்பர்கள் மனைவிமார் எல்லோருக்கும் இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. தாத்தா இருக்கும்போது பயமில்லை என்றார்கள்.

இரவும் பகலும் எனக்கு ஒரே யோசனை. மனைவியிடம் சொன்னேன்.

"மாமாகிட்ட நேரா சொல்லிடுங்க" என்றாள்.

"இன்னான்னு சொல்றது?"

"ஒடம்பு தாங்காதுன்னு. ஒரு வார்த்தய நேரா சொல்ல முடியல, நீங்க மலையில இத்தினி பேர மேச்சுனு வரப் போறீங்களா?"

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது.

ரிசர்வேஷனுக்குப் பெங்களூர் போக வேண்டியிருந்தது. படிவங்களை முந்தின நாளே எழுதிவைத்திருந்தேன். ஒரு படிவத்தில் ஆறு பேர். முதல் இரண்டும் நிறைந்துவிட்டன. மூன்றாவதில் இரண்டே பெயர்கள், ஏழு வயதுச் சின்ன மகள், அவளுக்குக் கீழே அப்பா. பாப்பாவுக்குப் பக்கத்து இருக்கையில் தாத்தா இருப்பது நல்லது என்றுதான் அப்படி எழுதியிருந்தேன். காலை ரயிலில் பங்காருபேட்டை தாண்டும்வரை அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு வந்தேன். பெங்களூர் ஸ்டேஷனில் வரிசையில் நின்றபோது புதிதாக ஒரு படிவம் வாங்கி, சின்ன மகள் பெயரை மட்டும் எழுதினேன். பழையதை நான்காகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கவுண்டரில் இருந்தவர் நிமிராமல் கன்னடத்தில், "எஷ்டு ஜனா?" என்றார். எத்தனை பேர் என்கிறார். மூன்று படிவங்களையும் அவர் பக்கம் தள்ளினேன்.

"ஹதிமூரு" என்றேன். பதிமூன்று.

வீட்டுக்கு வந்து, ரயில் நிரம்பிவிட்டது, நைனாவுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை என்று சொன்னேன். நன்றாக ஒத்திகை பார்த்திருந்தேன். மனைவி உள்ளே போய்விட்டாள். அப்பா கையிலிருந்த பித்தளைத் தகட்டைக் கீழே வைத்தார்.

"பர்வால்லடா. அடுத்த தடவ பாத்துக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். நான் அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், ஒற்றை ஆள்தானே, தரையில் உட்கார்ந்தாவது வருகிறேன் என்பார் என்று எதிர்பார்த்தேன், அதற்கெல்லாம் பதில்கூட வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். அன்று ராத்திரியும் மோர் சாதம்தான்.

இரண்டு நாள் கழித்து, "டிக்கெட்டக் கொண்டா" என்றார். டோக்கன்களில் அவரவர் சீட் நம்பரை அடிக்கப் போகிறாராம். கொடுக்காமல் இருக்க என்ன காரணம் சொல்வது? கொடுத்தேன். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூன்று டிக்கெட்டுகளையும் பரப்பி, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்து நம்பரை அடித்தார். உளியின்மேல் சுத்தியல் விழும் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மூன்றாவது டிக்கெட்டில் விரல் கொஞ்ச நேரம் நின்றதா, நிற்கவில்லையா? இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அடித்து முடித்து டிக்கெட்டுகளை மடித்துக் கொடுத்தார். பதிமூன்று டோக்கன்களையும் அவரவருக்குக் கொடுத்தனுப்பினார். பதினான்காவது டோக்கன் நம்பர் இல்லாமல் வழவழவென்று இருந்தது.

கிளம்பும் காலை அப்பா எங்களுக்கு முன்னால் எழுந்து, குளித்து, பெட்டியிலிருந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டிருந்தார். மற்ற மூன்று குடும்பங்களும் மூட்டை முடிச்சோடு எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அப்பா பலகையை முன்னறைச் சுவரில் மாட்டி, அதன் பக்கத்தில் நின்றார்.

"நான் அங்க வரலன்னா இன்னா? இங்கேருந்தே எண்ணறேன். டோக்கனக் குடுத்துட்டுப் போங்க."

சின்னவர்கள் முதல் பெரியவர்கள் வரை ஒவ்வொருவராகக் கொடுத்தார்கள். சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. நான் கடைசி. என்னுடையதையும் மாட்டிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து நம்பர் இல்லாத டோக்கனை எடுத்தார். பதினான்காவது ஆணியில் மாட்டினார்.

"என் சர்வீஸ்லயே ஆளு போகாம மாட்டின டோக்கன் இது ஒண்ணுதான்டா" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லோரையும் விரட்டினேன்.

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? டெல்லி வரை இரண்டு இரவு, இரண்டு பகல் இதே கேள்விதான். சின்ன மகளின் பக்கத்து இருக்கையில் யாரோ ஒரு சர்தார்ஜி உட்கார்ந்து அவளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். எனக்கு அவர்மேல் காரணமில்லாத எரிச்சல். ஜன்னலுக்கு வெளியே ஊர்கள் ஓடின, நான் பெட்டிகளை எண்ணினேன், ஆட்களை எண்ணினேன், ஒவ்வொரு தடவையும் பதிமூன்றுதான் வந்தது.

மணாலியைப் பற்றி நண்பன் இன்றைக்கும் மணிக்கணக்கில் பேசுவான். எனக்கு ஞாபகம் இருப்பது குறைவு. கடன் வாங்கிப் போன கம்பூட்டுகள் சுரங்கத்துச் சூட்டுக்கும் சேற்றுக்கும் செய்தவை. முனையிலிருந்த இரும்பு பனியில் ஐஸ் கட்டியாகிக் கால் விரல் விறைத்தது. முதல் நாளே எல்லோரும் வாடகை பூட்ஸுக்கு மாறினோம். இவ்வளவு திட்டம் போட்டவனுக்கு இது தோன்றவில்லை. சறுக்கும் சரிவு ஊருக்கு மேலே, பஸ்ஸில் போக வேண்டும். வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை. பெண்கள் புடவைக்கு மேல் வாடகைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பனியை அள்ளி ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். நண்பன் சயனைடு மேட்டில் பழகியதன் பலனாக இருபதடி நிற்காமல் சறுக்கினான். விழுந்தபோதும் கையைத் தூக்கிக்கொண்டே விழுந்தான்.

என் முறை வந்தது. சறுக்குவது கஷ்டமில்லை, அது தானாகவே நடந்துவிடுகிறது. திரும்ப மேலே ஏறுவதுதான் இருக்கிறதே. பலகைகளைத் தோளில் வைத்துக்கொண்டு முழங்கால் வரை புதைந்து ஏறினேன். நாலு அடி வைத்தேன், மூச்சு நின்றது. நின்றேன். இன்னும் நாலு அடி. மறுபடியும் நின்றேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. நெஞ்சுக்குள் எதையோ போட்டு அடைத்ததுபோல இருந்தது. மனைவி மேலிருந்து, "இன்னாங்க, இன்னா ஆச்சு?" என்றாள். நான் எதிர் மலையைக் காட்டினேன். அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. மூச்சு வாங்க நின்றதை அவளிடமிருந்து மறைக்கத்தான் காட்டினேன். அந்த நொடியில் மேட்டில் நின்ற அப்பா எனக்கு முழுசாகப் புரிந்தார். நான் செய்தது சரி என்று தெரிந்தது, செய்த விதம் எவ்வளவு கேவலம் என்றும் தெரிந்தது. பனியிலேயே உட்கார்ந்து அழுதேன். கண்ணாடியில் பனி பட்டுவிட்டது என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து ஊரில் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினேன். அப்பாவைக் கூப்பிட்டார்கள்.

"எல்லாம் ஆணியிலதான் கீது. எப்போ எறங்குவீங்க?" என்றார். நலமா, குளிரா, ஒன்றும் கேட்கவில்லை.

பதினோராம் நாள் மத்தியானம் வந்து சேர்ந்தோம். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், அப்படித்தான் ஏற்பாடு. அப்பா காக்கிச் சட்டையோடு பலகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். தினமும் துவைத்துத் தினமும் அதையே போட்டுக்கொள்கிறார், சொன்னால் கேட்பதில்லை என்று பக்கத்து வீட்டம்மா புகார் சொன்னாள். ஒவ்வொருவராக டோக்கனை வாங்கிக்கொண்டு, பனியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். நண்பன் விழுந்த கதையை நடித்தே காட்டினான். அப்பா நன்றாகச் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

எல்லோரும் போன பிறகு பதினான்காவது ஆணியில் அந்த ஒன்று மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நைனா, உங்க பேர நான் எழுதவே இல்ல."

"தெரியும்."

"எப்போலேந்து?"

"நம்பர் அடிக்க டிக்கெட்ட வாங்கினேனே, அன்னிக்கே. எடம் கெடைக்கலன்னா வெயிட்டிங்னு போட்டாவது பேரு இருக்கும். பேரே இல்ல. பாப்பா மட்டும் தனியா ஒரு டிக்கெட்டுல கீறா. கொழந்தைய எவனாவது தனியா எழுதுவானா? பக்கத்துல ஒரு ஆளு இருந்திருக்கணும். நான் இன்னா எண்ணத் தெரியாதவனா?"

"ஏன் நைனா ஒண்ணும் கேக்கல?"

அப்பா பலகைப் பக்கம் திரும்பினார். டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டா நீ என் நெஞ்சப் பத்திப் பேசணும். உன்னால முடியாது. என் நெஞ்சு எனக்குத் தெரியாதாடா?"

எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சொல் கேட்டது. சொன்னவர் அவர்தான். நான் பெட்டியைக் கீழே வைத்தேன். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது, மனைவியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மேல மூச்சு வாங்குச்சா?" என்றார்.

"வாங்குச்சு நைனா. நாலு அடிக்கு ஒரு தடவ நின்னேன். எனக்கே."

தலையை ஆட்டினார். கையை நீட்டிப் பதினான்காவது டோக்கனை ஆணியிலிருந்து எடுத்தார்.

"அப்ப நீ எண்ணினது சரிதான். போய்க் குளி" என்றார்.

பலகை காலியாகிவிட்டதா என்று ஒரு முறை கண்ணால் பார்த்துக்கொண்டார். பிறகு காக்கிச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனார்.